சாவிப் படத்துக்கு 6,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஃபிரேம் போட்ட படம் ஒன்று பரிசளிக்க நினைக்கிறேன். மேலே கிரீடம், கைப்பிடியில் பின்னிய எழுத்துகள் என்று நிறைய வேலைப்பாடு உள்ள பழைய தங்கநிறச் சாவியின் படம். ஆன்லைனில் ‘18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனைச் சாவி, ஆன்டிக், ஜிக்ளே பிரின்ட், லிமிடெட் எடிஷன்’ என்று போட்டு, ஏ3 அளவுக்கு 6,500 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: ‘ஆன்டிக்’ என்பது படத்தில் உள்ள சாவிக்குத்தான் பொருந்தும். உங்கள் கைக்கு வருவது புதிதாக அச்சடித்த காகிதம். அதில் தப்பில்லை, ஆனால் பழம்பொருள் விலை அதற்குக் கிடையாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அரசவை அதிகாரிகளின் சாவி மாதிரி தெரிகிறது. அரசரின் அந்தரங்க அறைகளுக்குள் போக உரிமை பெற்றவர்கள் இடுப்பருகே தொங்கவிட்டுக்கொண்ட பதவிச் சின்னம் அது. அரசரின் பெயரெழுத்துகளைப் பின்னி, மேலே கிரீடம் வைத்து, தங்க முலாம் பூசுவார்கள். நாளாக ஆக வெறும் அடையாளமாகிப்போய், எந்தப் பூட்டையும் திறக்காத சாவிகளும் வந்தன. சாவியைச் சுவரில் வைத்து அழகு பார்ப்பதும் பழைய பழக்கம்தான். பாரிஸின் பாஸ்டில் சிறைச் சாவியை 1790இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்காவின் மவுன்ட் வெர்னனில் உள்ள வாஷிங்டன் வீட்டுக் கூடத்தில் இன்றும் அது இருக்கிறது. புது வீட்டுக்குச் சாவிப் படம் நல்ல யோசனை. விலைதான் இடிக்கிறது.

ஏனென்றால் இப்படிப்பட்ட படங்கள் பல இலவசம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை முடிந்த கலைப்பொருள்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று 2017இல் திறந்துவிட்டது. வியாபாரத்துக்கும் எடுக்கலாம். அதன் இணையதளத்தில் பழைய சாவிகள் நிறைய உண்டு. ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்று குறித்திருக்கும் படத்தை இறக்கி நீங்களே அச்சடிக்கலாம். ஏ3 அளவில் கூர்மையாக வர, படம் சுமார் 3,500க்கு 5,000 பிக்சல் இருக்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் அந்த நுண்வேலைதான் முதலில் மங்கும்.

இப்படி யாரும் எடுக்கக்கூடிய படமாக இருந்தால், இத்தனை பிரதிதான் என்று சொல்லும் லிமிடெட் எடிஷனுக்கு என்ன மதிப்பு? பத்துக் கடைகள் அதையே அச்சடிக்கலாம். ஓவியர் தானே வரைந்து, கையெழுத்தும் ‘12/100’ (நூறு பிரதிகளில் பன்னிரண்டாவது) போல எண்ணும் போட்டுத் தந்தால் அது வேறு கதை. ஜிக்ளே என்பது தரமான இங்க்ஜெட் அச்சுக்கு 1990களில் வைத்த பெயர். பெயரை விட்டுவிட்டு, பிக்மென்ட் மையா (நுண்ணிய நிறத்துகள் உள்ள மை), அமிலமில்லாத காகிதமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சாயம் கரைத்த சாதாரண டை மை வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறிவிடும்.

உண்மையில் காசு போவது ஃபிரேமுக்கு. மரச்சட்டமா, மரம் மாதிரி தெரியும் ஃபைபரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படத்தைச் சுற்றி, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடும் மவுன்ட் அட்டை அவசியம். கண்ணாடி படத்தோடு ஒட்டினால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், மை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். கூரியரில் வருவதென்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் நல்லது. அப்புறம், புது வீட்டுச் சுவரில் ஈரம் காய மாதங்கள் ஆகும். ஃபிரேமின் பின்பக்கக் கீழ்மூலைகளில் சின்ன ரப்பர் துண்டுகள் ஒட்டிக் கொடுத்தால் காற்று புகும்.

நானாக இருந்தால் படத்தை இறக்கி, நல்ல காகிதத்தில் அச்சடித்து, திருச்சியிலேயே ஃபிரேம் கடையில் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஃபிரேம் படம் கண்ணாடி உடைந்து வந்தது. மரச்சட்டம் என்றார்கள், பிளாஸ்டிக். ‘ஃபிரேம் பொருள்களுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்கிறார் விற்பவர்.
— வாசகர், ஈரோடு

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். ‘மரச்சட்டம்’ என்ற வரியை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கலாம். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, பிரச்சினை வந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: ‘செல்வம் திறக்கும் வாஸ்து சாவி’ என்று ஒரு படம் சாதாரண பிரின்டைவிட 2,000 ரூபாய் அதிகம். பலன் உண்டா?
— வாசகி, தாம்பரம்

பதில்: படம் பிடித்திருந்தால் சாதாரண பிரின்டையே வாங்குங்கள். செல்வத்துக்கான அந்த 2,000 ரூபாயை பில்லில் தனி வரியாக எழுதித் தருவாரா என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.