குட்டி வாங்குவதா, எடுத்து வளர்ப்பதா? டெல்டா வாசகர்களின் நாய்க் கேள்விகள்

நாய் வளர்க்க ஆசைப்படும் டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தஞ்சாவூர் மாவட்டத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பையன் லேப்ரடார்தான் வேண்டும் என்கிறான். வீட்டுக்காரர், "தெருவில் ஆறு குட்டி கிடக்கு, ஒன்றைத் தூக்கிட்டு வந்தா ஆச்சு. காசு கொடுத்து நாய் வாங்குவாங்களா?" என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எது சரி, டாக்டர்? (பள்ளி ஆசிரியை, திருவையாறு)

அப்பா, பிள்ளை இரண்டு பேருமே குட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குட்டி எட்டு, பத்து மாதத்துக்குத்தான் குட்டி. அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அது வளர்ந்த நாய். அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குக் காலையும் மாலையும் அதை வெளியே கூட்டிப்போகப் போவது யார் என்று முதலில் பேசி முடியுங்கள். பையன் எந்த வகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பதாவது என்றால் நான்கு வருஷத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான்.

நீங்கள் இருவருமே பகலில் வேலைக்குப் போகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மூத்திரம் வரும். பூட்டிய வீட்டில் எட்டு மணி நேரம் தனியாகக் கிடந்தால் கத்தும், செருப்பைக் கடிக்கும், கதவைச் சுரண்டும். லேப் குட்டியும் அதைத்தான் செய்யும், தெருக்குட்டியும் அதைத்தான் செய்யும். அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இரண்டுமே இல்லை. இரண்டு, மூன்று வயதான, யாரோ காப்பாற்றி வைத்திருக்கும் நாயைப் பாருங்கள். அது எவ்வளவு பெரிது, பிள்ளைகளிடம் எப்படி இருக்கிறது, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, எல்லாம் முன்கூட்டியே தெரியும். குட்டியிடம் இதெல்லாம் அதிர்ஷ்டம்தான்.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். தெருக்குட்டி இலவசம் என்பது தூக்கி வரும் அன்றைக்கு மட்டும்தான். தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாவற்றுக்கும் இரண்டுக்கும் ஒரே செலவு. அப்படியும் அந்த ஆறில் ஒன்றுதான் வேண்டும் என்றால், தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பிரிக்காதீர்கள். எட்டு வாரம் ஆகட்டும். அதற்குள் ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்த குட்டிதான் பிறகு வீட்டில் எல்லார் கையையும் பதம் பார்க்கிறது.

வீட்டில் ஆள் இருந்து, லேப்தான் வேண்டும் என்று தெளிவாக இருந்தால் வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. எப்படி வாங்குவது என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள். 35 நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு, கென்னல் கிளப் பேப்பரும் உண்டு, பஸ்ஸில் ஏற்றி விடுகிறோம் என்கிறார்கள். நம்பலாமா? (கும்பகோணம்)

35 நாள் குட்டிக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கவே முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய்களுக்கான ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். ஆக, அந்த ஒரு வரியிலேயே பொய் தெரிந்துவிட்டது. தவிர, 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் எடுக்கவும் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள்.

மீதிப் பேரிடம் நேரில் போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் தோட்டத்தில் இருக்கு", "நண்பர் வீட்டில் இருக்கு" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். காட்டினாலும் அதன் வயிற்றைப் பாருங்கள். பால் கொடுத்த நாய்க்குக் காம்புகள் நீண்டு தொங்கும், மடி தளர்ந்திருக்கும். குட்டி போடாத நாயை நிறுத்தி "இதுதான் தாய்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தாய் உங்களைக் கண்டு உறுமுகிறதா, பயந்து மூலையில் ஒடுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்று கவனியுங்கள். குட்டியின் சுபாவத்தில் கொஞ்சமாவது அங்கிருந்து வரும்.

அடுத்தது குட்டியின் வாய். உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பல் இருபத்தெட்டும் முளைத்திருக்க வேண்டும். முன்னால் ஊசி ஊசியாகப் பல் இருந்து, பின்பக்கம் வெறும் ஈறாக இருந்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், மருத்துவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டை செல்லாது.

கென்னல் கிளப் பேப்பர் பரம்பரையைத்தான் சொல்லும். லேப், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வரும். தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் எடுத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டதும் எரிச்சல்படுகிறவரா, "அடுத்த ஈற்றுக்கு முன் எடுக்கிறேன்" என்கிறவரா என்று தெரிந்துவிடும்.

போன மாதம் வாங்கிய குட்டி வந்த நாலாம் நாளே ரத்தமாகக் கழிந்து இறந்துவிட்டது. பார்வோ என்றார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள். உடனே இன்னொன்று வாங்கலாமா? (மன்னார்குடி)

வேண்டாம். பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோய் காட்டச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். நாலாம் நாளே என்றால் அது விற்ற இடத்திலிருந்தே கொண்டுவந்திருக்க வாய்ப்பு அதிகம். விற்றவருக்குச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவை எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கின்றனவோ, அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலான ஈர இடத்தில் ஒரு வருஷம் வரைகூடச் சாகாமல் கிடக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. சிமெண்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். கொல்லை மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஆகவே ஒரு வருஷத்துக்குக் குட்டியே வேண்டாம். பிள்ளைகளுக்காக நாய் வேண்டும் என்றால், தடுப்பூசி முழுதாகப் போட்ட வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். அதற்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

வயலில் மோட்டார் கொட்டகைக் காவலுக்கு ராஜபாளையம் வாங்கலாம் என்று இருக்கிறேன் ஐயா. சிப்பிப்பாறை நல்லதா? (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

காவலுக்கு என்று சொல்லிவிட்டுச் சங்கிலியில் கட்டிப்போடப் போகிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம். சிப்பிப்பாறை ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய். கட்டிப்போட்டால் அதற்குப் பைத்தியம் பிடிக்கும், அவிழ்த்துவிட்டால் அடுத்தவர் ஆட்டுக்குட்டியைத் துரத்தும். ராஜபாளையத்தில் தூய வெள்ளையில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. வாங்கும்போது குட்டி தூங்குகிற நேரம் பார்த்து, அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். மற்றவை துள்ளி எழுந்து இது மட்டும் தூங்கினால் விட்டுவிடுங்கள். ஒரு காது மட்டும் கேளாததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் கொட்டகைப் பக்கம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டு, உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து வருகிற ஒரு நாட்டு நாய் கட்டாயம் இருக்கும். அதற்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து, இரண்டு வேளை சோறு வையுங்கள். வெயில், சேறு, கொசு எல்லாம் அதற்குப் பழக்கம். அந்நிய ஆள் வந்தால் குரைக்கும். காவலுக்கு அது போதும்.

எந்த நாயாக இருந்தாலும் எலி மருந்தில் நம் ஊரில் நிறைய சாகிறது. வரப்பில் வைத்த மருந்தைத் தின்றாலும், மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. கறுப்பாக, பூண்டு வாடை அடிக்கிற துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. வயிற்றில் சாப்பாடு சேர்ந்தால் விஷ வாயு இன்னும் அதிகமாகும். மோர், முட்டை, புளித்தண்ணி என்று எதையும் ஊற்றாமல் உடனே தூக்கி வாருங்கள். மருந்துப் பாக்கெட்டையும் கொண்டுவாருங்கள். புரோமடயலோன் என்ற இன்னொரு எலி மருந்துக் கட்டியைத் தின்றிருந்தால் ரத்தக் கசிவு தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். அதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, காப்பாற்றலாம். அதனால்தான் எந்த மருந்து என்று தெரிய வேண்டும்.

கஜா புயலில் வந்து ஒதுங்கிய நாய் போன வருஷம் வரை எங்களோடு இருந்தது. இப்போது காப்பகத்திலிருந்து மூன்று வயது நாய் ஒன்றை எடுத்து நாலு நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, ராத்திரிதான் சாப்பிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வேதாரண்யம்)

நாலு நாளில் என்ன தெரியும்? ராத்திரி சாப்பிடுகிறது என்றால் நல்ல செய்திதான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்காதீர்கள், குனிந்து கண்ணுக்குள் பார்க்காதீர்கள். தட்டைத் தினம் ஒரு முழம் தள்ளித் தள்ளி வெளியே வையுங்கள். நீங்கள் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கும். வீடு தன்னுடையது என்று புரிய மூன்று மாதம்கூட ஆகலாம். முதல் சில வாரத்தில் கேட்டைத் திறந்துபோடாதீர்கள். தத்தெடுத்த நாய் ஓடிப்போவது பெரும்பாலும் அப்போதுதான். பழைய நாயின் பெயரை இதற்கு வைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அது என் எண்ணம், உங்கள் இஷ்டம்.

நாங்கள் இரண்டு பேரும் அறுபத்தைந்து தாண்டியவர்கள். பிள்ளைகள் துபாயில். துணைக்கு ஒரு பொமரேனியன் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். (மயிலாடுதுறை)

குட்டி காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். உங்கள் வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. ஐந்தாறு வயதான, சாதுவான நாயாக எடுங்கள். உரிமையாளர் வெளிநாடு போனதாலோ காலமானதாலோ வீடில்லாமல் நிற்கும் இப்படிப்பட்ட நாய்களை யாரும் கேட்பதே இல்லை. உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது என்று மகனிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும்.

பெண் குட்டிதான் கிடைக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். (பாபநாசம்)

பெண் குட்டிகளைத்தான் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விட்டுப் போகிறார்கள். காப்பகத்திலும் அவைதான் அதிகம். ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், வாசலில் ஆண் நாய்க் கூட்டம் நிற்கும் என்பதுதானே பயம்? கருத்தடை செய்துவிட்டால் அது தீர்ந்தது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. அந்த நோயோடு ஏழெட்டு வயதில் தூக்கி வரும் நாய்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். காப்பகத்து வளர்ந்த நாய் என்றால் காது நுனியில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் கருத்தடை முடிந்தது.

எங்கள் தெரு நாயையே முறைப்படி எடுத்துக்கொள்ளலாமா? (நாகப்பட்டினம்)

தாராளமாக. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தந்த உத்தரவிலும், தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பகலில் வீடு, ராத்திரி தெரு என்பது தத்தெடுப்பு ஆகாது. தூக்கும்போது கடித்தாலோ நகம் கீறினாலோ, குட்டிதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்ரகாரத்து வீடு. முட்டைகூட உள்ளே வராது. நாய் வளர்க்கலாமா? (கும்பகோணம்)

வளர்ந்த நாய் என்றால் சமாளிக்கலாம். சைவத்திலேயே நாய்க்கென்று தயாரித்த உணவு கிடைக்கிறது, கூடத் தயிர், பனீர், பருப்பு தரலாம். வெறும் தயிர்சாதத்தில் தள்ள முடியாது. சாம்பார் சாதம் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வளரும் குட்டிக்கு இந்தச் சாப்பாடு சரிக்கட்டுவது கஷ்டம்.

ஏசி ரூம் இருக்கிறது. பனிப் பிரதேசத்து நாயான ஹஸ்கி வாங்கலாமா? (பட்டுக்கோட்டை)

கரண்டு போனால்?

வாங்கின காசை எடுக்க ஒரே ஒரு ஈற்று விட்டால் என்ன? (தஞ்சாவூர்)

எட்டுக் குட்டி போட்டால் எட்டுக்கும் வீடு இருக்கிறதா? ஒன்றிரண்டு நண்பர்கள் வாய்வார்த்தையாகக் கேட்டிருப்பார்கள், குட்டி பிறந்ததும் போனை எடுக்க மாட்டார்கள். மீதி என்னிடம்தான் வரும், "டாக்டர், யாராவது இருந்தா சொல்லுங்க" என்று. சிசேரியன் தேவைப்பட்டால் உங்கள் கணக்கும் தலைகீழாகிவிடும்.

முடிவு செய்துவிட்டோம், தத்தெடுக்கப் போகிறோம். குட்டிதான். ஐப்பசியில் எடுப்பதா, தை வரை பொறுப்பதா? (திருவாரூர்)

தை. ஐப்பசி, கார்த்திகையில் தீபாவளி வெடி ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். வயலில் தண்ணீர் நிற்கும்போது எலியெல்லாம் வீட்டுப் பக்கம் ஏறிவரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் இருக்கிறது. நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். குட்டிக்குப் போடும் கூட்டு ஊசியில் அதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை, அப்புறம் வருஷம் ஒரு முறை. தை வரைக்கும் சும்மா இருக்காமல், கேட் கம்பிகளின் இடைவெளியை அளந்து வையுங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கீழ்ப்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு வலை அடித்துவிட்டுக் குட்டியைக் கொண்டுவாருங்கள்.