மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா?

கேள்வி: வயது 58. பிபிக்கு அம்லோடிபின், நெஞ்சுவலிக்கு மெட்டோப்ரோலால், சுகருக்கு மெட்ஃபார்மின், கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, அதனால் சத்து மாத்திரையைத் தவிர மற்றதையெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். உடம்பில் வித்தியாசம் தெரியவில்லை. தொடரலாமா?

பதில்: வேண்டாம். வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்களே, சிக்கலே அதுதான். பிபி ஏறினாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது, கொலஸ்ட்ராலும் அப்படியே, சுகர்கூட ஓரளவு ஏறும்வரை சத்தம் போடாது.

எனக்கு அதிகம் பயம் மெட்டோப்ரோலால் விஷயத்தில்தான். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி வைக்கிற மருந்து அது, பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பு வரைக்கும் போகலாம். இன்சுலின், வலிப்பு மருந்து, ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் சிறு குழாய்) வைத்தவர்கள் போடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு, இவையும் நாமாக நிறுத்தக் கூடாத ரகம். நீங்கள் விடாமல் போடுகிற அந்தச் சத்து மாத்திரை இருக்கிறதே, குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து எழுதியது இல்லை என்றால், முதலில் கழற்றிவிட வேண்டியது அநேகமாக அதுதான்!

டாக்டரிடம் காசு விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பிபி ஏறியிருப்பதைப் பார்த்து, மருந்து போதவில்லை போல என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்ப்பார், செலவு கூடும். "இவ்வளவுதான் என்னால் முடியும், எது கட்டாயம், எதைக் குறைக்கலாம்?" என்று நேராகவே கேளுங்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின் எல்லாம் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள், பிராண்டு பெயரில் வாங்கினால் ஜெனரிக்குக்கு, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பதற்கு, மாற்ற முடியுமா என்று கேட்கலாம், உள்ளே இருப்பது அதே மருந்து, அதே அளவு. சில மருந்துகளில் இரட்டை வீரியம் உள்ளதை வாங்கிப் பாதியாக உடைத்துப் போட்டால் மலிவாக முடியும், ஆனால் நடுவில் கோடு இருக்க வேண்டும், டாக்டரோ மருந்தாளுநரோ சரி என்று சொல்ல வேண்டும், மெதுவாகக் கரையும் வகைகளில் பலவற்றை உடைக்கவே கூடாது.

அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து, எத்தனை நாளாக இப்படிப் போடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அப்புறம், விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். இதற்கிடையில் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் போன் எல்லாம் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.