கடைக் கணினியில் மட்டும் ஆக்சஸ் இணைய மறுப்பது ஏன்?

கேள்வி: உறவினரின் மளிகைக் கடைக்காக விபி டாட் நெட்டில் பில்லிங் மென்பொருள் ஒன்று எழுதியிருக்கிறேன். தரவுத்தளம், ஏசிசிடிபி வடிவிலான ஆக்சஸ் கோப்பு. ஆபீஸ் 2010 உள்ள என் பழைய கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. கடையின் புதுக் கணினியிலும் ஆபீஸ் இருக்கிறது. ஆனால், ‘ஏஸ் ஓஎல்இடிபி 12.0 புரொவைடர் இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை’ என்று பிழைச்செய்தி வருகிறது. தவிர, என் கணினியில் சோதனைக்காகச் சேமித்த பில்கள் நிரலைத் திருத்தி மறுபடி இயக்கினால் காணாமல் போகின்றன. இணைப்பு வரியில் என்ன தவறு?

பதில்: இணைப்பு வரியில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பிழைச்செய்திதான் ஆளைத் திசைதிருப்புகிறது: புரொவைடர் (ஆக்சஸ் கோப்பைப் படிக்க நிரலுக்கு உதவும் இடைமென்பொருள்) கடைக் கணினியில் இருக்கக்கூடும், உங்கள் நிரலின் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. 32 பிட்டில் ஓடும் நிரல் 64 பிட் புரொவைடரை ஏற்ற முடியாது. 64 பிட் நிரலாலும் 32 பிட் புரொவைடரை ஏற்ற முடியாது. ஆபீஸுடன் வரும் ஏஸ் புரொவைடர், அந்த ஆபீஸ் எத்தனை பிட்டோ அத்தனை பிட்டாகவே பதிவாகும். ஆபீஸ் 2010 காலத்தில் வழக்கமாக நிறுவப்பட்டது 32 பிட். 2019 முதல் தானாக நிறுவப்படுவது 64 பிட். விஷுவல் ஸ்டூடியோவில் ‘எனி சிபியு’ என்று வைத்திருந்தாலும், பக்கத்திலுள்ள ‘பிரிஃபர் 32 பிட்’ குறியிடப்பட்டிருந்தால் நிரல் 32 பிட்டாகத்தான் ஓடும். உங்கள் வீட்டில் இரண்டும் பொருந்தியது தற்செயல்.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். முதல் படிவம் திறக்கும் இடத்தில் ‘என்விரான்மென்ட்.இஸ்64பிட்பிராசஸ்’ என்பதன் மதிப்பை மெசேஜ் பாக்ஸில் காட்டச் செய்யுங்கள்; ‘ட்ரூ’ என்று வந்தால் நிரல் 64 பிட், ‘ஃபால்ஸ்’ என்றால் 32 பிட். கடைக் கணினியில் வேர்டைத் திறந்து, ஃபைல், அக்கவுன்ட், அபவுட் வேர்ட் என்று போனால் ஆபீஸின் பிட் எண்ணிக்கை முதல் வரியிலேயே இருக்கும். இரண்டும் வேறுபட்டால், புராஜெக்ட் பண்புகளில் கம்பைல் பகுதிக்குச் சென்று, டார்கெட் சிபியுவை ஆபீஸுக்கு ஏற்ப எக்ஸ்64 அல்லது எக்ஸ்86 ஆக்குங்கள். பிட் பொருந்திய பிறகும் பிழை தொடர்ந்தால் மட்டும் 12.0 என்பதை 16.0 ஆக மாற்றிப் பாருங்கள்.

ஆனால், கடைக்காரர் நாளை ஆபீஸை மாற்றினால் அதே தொல்லை திரும்ப வரும். ஆகவே உங்கள் நிலையில் நான் இருந்தால், கோப்பை 2002-2003 வடிவில் எம்டிபியாகச் சேமித்து, ஏஸுக்கு முந்தைய ஜெட் ஓஎல்இடிபி 4.0 புரொவைடரைப் பயன்படுத்தி, நிரலை எக்ஸ்86 ஆக நிலைநிறுத்திவிடுவேன். ஜெட் விண்டோஸுடனேயே வருவது. ஆபீஸ் எத்தனை பிட் என்றாலும், ஆபீஸே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பழைய சரக்குதான், ஒரு சின்னக் கடைக்குப் போதும். பொருள்களின் பெயரைத் தமிழில் வைத்திருந்தாலும் பாதகமில்லை, அது யுனிகோடை ஏற்கும். அட்டாச்மென்ட் போன்ற புதிய வகைப் புலங்களை மட்டும் எம்டிபி தாங்காது.

பில்கள் மறைவதற்குக் காரணம் வேறு. தரவுத்தளக் கோப்பைப் புராஜெக்டுக்குள் சேர்த்து, ‘காப்பி டு அவுட்புட் டைரக்டரி’ என்பதில் ‘காப்பி ஆல்வேஸ்’ வைத்திருப்பீர்கள். பில்கள் சேமிக்கப்படுவது ‘பின்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டீபக்’ ஃபோல்டரில் உள்ள நகலில். நிரலை மறுபடி பில்ட் செய்யும்போதெல்லாம் மூலக் கோப்பு வந்து அந்த நகலின் மேல் விழுகிறது. அதை ‘டூ நாட் காப்பி’ ஆக்கி, கோப்பைத் தனி ஃபோல்டரில் வைத்து, முழுப் பாதையையும் இணைப்பு வரியில் கொடுங்கள். கடையில் அந்த ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கக் கூடாது. பில் போடுபவருக்கு ஃபோல்டரிலேயே எழுதும் அனுமதி வேண்டும், ஏனெனில் தரவுத்தளம் திறந்திருக்கும்போது எல்டிபி (ஏசிசிடிபி என்றால் எல்ஏசிசிடிபி) என்ற பூட்டுக் கோப்பும் பக்கத்தில் உருவாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பில் தேதியை எஸ்க்யூஎல் வரிக்குள் நேரடியாக ஒட்டாதீர்கள். #5/4/2024# என்பதை ஏப்ரல் 5 என்று நாம் படிப்போம். ஆக்சஸ் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13ஆம் தேதி முதல், 13ஐ மாதமாகக் கொள்ள முடியாததால் சரியாகப் படித்துவிடும் என்பதால், பிழை மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டும் ஒளிந்திருக்கும். தேதியைப் பாராமீட்டராக அனுப்புங்கள். ஓஎல்இடிபி பாராமீட்டரின் பெயரைப் பார்க்காது, வரிசையைத்தான் பார்க்கும் என்பதால், எஸ்க்யூஎல் வரியில் மதிப்புகளுக்குப் பதிலாக இடும் கேள்விக்குறிகள் வரும் அதே வரிசையில் பாராமீட்டர்களைச் சேருங்கள்.