டவுன்லோட் செய்து முடித்ததும் ரீஃபண்ட் கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகின்) கடையில் லைட்ரூம் பிரீசெட்டும் (போட்டோவின் நிறத்தை ஒரே கிளிக்கில் மாற்றும் பைல்) பிடிஎஃப் பாடமும் விற்கிறீர்கள். பைலை இறக்கிய கையோடு "பிடிக்கவில்லை, பணம் வேண்டும்" என்று மெயில் வருகிறது. "நோ ரீஃபண்ட்" என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நீங்கள் மறுத்தால் அவர் தன் பேங்கில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் புகார்) போடுவார். அப்போது விற்ற பணத்தோடு கட்டணமும் போகும். அமெரிக்கக் கணக்குகளில் ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் கேட்வே (கார்டு பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) ஒரு டிஸ்ப்யூட்டுக்கு 15 டாலர் பிடிக்கிறது. 5 டாலர் பிரீசெட்டுக்கு இது கட்டுப்படியாகுமா? சார்ஜ்பேக் (புகாரின் பேரில் பேங்க் பணத்தைத் திரும்ப எடுப்பது) அடிக்கடி வந்தால் கேட்வே கணக்கையே நிறுத்திவிடும்.

முதலில் யார் உண்மையாகக் கேட்கிறார், யார் ஏய்க்கிறார் என்று பிரியுங்கள். வூகாமர்ஸில் அனலிட்டிக்ஸ், அதற்குள் டவுன்லோட்ஸ் பக்கத்தைத் திறந்தால் எந்த ஆர்டர், எந்தப் பைல், எத்தனை மணிக்கு, எந்த ஐபி (இணைய இணைப்பின் எண்) என்று வரிசையாக இருக்கும். ஒருமுறைகூட இறக்கவில்லையா? மறுபேச்சில்லாமல் அன்றே கொடுத்துவிடுங்கள். இறக்கிவிட்டு "திறக்கவில்லை" என்பவரை உடனே சந்தேகிக்க வேண்டாம். லைட்ரூம் 2018 ஏப்ரலில் எல்ஆர்டெம்ப்ளேட் என்ற பிரீசெட் பைல் வடிவத்தை விட்டு எக்ஸ்எம்பி வடிவத்துக்கு மாறியது. பழைய பதிப்பு வைத்திருப்பவரிடம் எக்ஸ்எம்பி ஏறாது. எந்தப் பதிப்புக்கு, கம்ப்யூட்டருக்கா மொபைலுக்கா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். புகார் வந்தால் எரர் திரையின் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். உண்மையான சிக்கல் உள்ளவர் அனுப்பிவிடுவார்.

"பொருள் நன்றாக இருந்தால் ஏன் திருப்பிக் கேட்கப்போகிறான்" என்று கீழே கமென்டில் யாராவது எழுதுவார்கள். வாங்குபவர் எல்லாரும் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நகல் கையில் இருக்கும்போதே பணமும் திரும்பி வரும் என்றால் அதைப் பழக்கமாக்கிக்கொள்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்து செட்டிங்ஸ். புராடக்ட்ஸ் பகுதியில் பைல் டவுன்லோட் மெத்தட் "ரீடைரக்ட் ஒன்லி" என்று இருந்தால் இப்போதே மாற்றுங்கள். அதில் பைலின் நேரடி முகவரி வெளியே தெரிந்துவிடும், ஒருவர் அதை டெலிகிராமில் போட்டால் எல்லாரும் இலவசமாக இறக்கலாம். முகவரியைக் காட்டாமல் பைலை அனுப்பும் "ஃபோர்ஸ் டவுன்லோட்ஸ்" வையுங்கள். பைல் பெரிதாக இருந்து, உங்கள் சர்வரில் அந்த வசதி இருந்தால், பைலை சர்வரே நேரடியாக அனுப்பும் எக்ஸ்-சென்ட்ஃபைல் இன்னும் நல்லது. டவுன்லோட் லிமிட் 5, எக்ஸ்பைரி 30 நாள் போதும். லிமிட்டை 1 என்று இறுக்கினால், நெட் பாதியில் அறுந்த நல்ல வாடிக்கையாளரும் வெளியே நிற்பார். அவருடைய கோபமும் ரீஃபண்டாகத்தான் வந்து சேரும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முழு ரீஃபண்ட் கொடுத்தால் ஆர்டர் "ரீஃபண்டட்" ஆகி லிங்க் தானாக மூடும். பாதிப் பணம் கொடுத்தால் ஆர்டர் நிலை மாறாது, லிங்க்கும் திறந்தே இருக்கும். ஆர்டர் பக்கத்தின் கீழே "ரிவோக் ஆக்சஸ்" பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் ஆர்டர் எண்ணும் மெயில் முகவரியும் அச்சாகும்படி செய்யுங்கள். நகலெடுப்பதை அது தடுக்காது, யாரிடமிருந்து கசிந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்குபவர் இருந்தால் செக்கவுட்டில் ஒரு டிக் பெட்டி கட்டாயம் வேண்டும். அங்குள்ள 2011/83 நுகர்வோர் உரிமை உத்தரவுப்படி ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். "உடனே டவுன்லோட் தொடங்கச் சம்மதிக்கிறேன், அதனால் ரத்து உரிமை போய்விடும் என்று அறிவேன்" என்று அவரே டிக் செய்து, அதை நீங்கள் மெயிலில் உறுதிப்படுத்தியிருந்தால்தான் அந்த உரிமை நீங்கும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி செல்லாது.

"நான் வாங்கவே இல்லை" என்று விசா கார்டில் 10.4 குறியீட்டோடு (ஆன்லைன் கார்டு மோசடி என்ற புகார்) டிஸ்ப்யூட் வந்தால், 2023 ஏப்ரலில் வந்த காம்பெல்லிங் எவிடென்ஸ் 3.0 என்ற விசாவின் ஆதார விதி உதவும். அதே கார்டில் 120 முதல் 365 நாள் பழைய, புகார் எழாத இரண்டு வாங்கல்களைக் காட்ட வேண்டும். ஐபி அல்லது சாதன அடையாளம் பொருந்த வேண்டும், லாகின் ஐடி போல இன்னொரு விவரமும் ஒத்துப்போக வேண்டும். முதல்முறை வாங்கியவரிடம் இந்த வழி செல்லாது. அங்கே டவுன்லோட் பதிவும் டிக் பெட்டிப் பதிவும்தான் ஆதாரம், அதனால் அவற்றை அழிக்காதீர்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள். கம்பெனிப் பெயர் வேறாக வந்தால், வாங்கியதை மறந்தவர் நல்லெண்ணத்தோடே புகார் கொடுப்பார்.

திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு ஒரு பட்டியல் வையுங்கள். ஜிமெயிலில் புள்ளியை எங்கே வைத்தாலும், ப்ளஸ் குறிக்குப் பின் எதைச் சேர்த்தாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆகவே புள்ளியையும் ப்ளஸ் பகுதியையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது ரீஃபண்ட் கொடுத்த கையோடு அந்த முகவரிக்கு விற்பனையை நிறுத்துங்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலான கேட்வேக்கள் தங்கள் கமிஷனையும் அதன் மேல் பிடித்த 18 சதவீத ஜிஎஸ்டியையும் திருப்பித் தருவதில்லை. விற்பனையே ரத்தாகிவிட்டது, கமிஷன் மட்டும் எதற்கு? சிறு வியாபாரியின் இந்த நஷ்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

டிஸ்ப்யூட் திறந்த பிறகு தனியாக ரீஃபண்ட் அனுப்பாதீர்கள், பணம் இரண்டு முறை போய்விடும். கார்டில் கட்டிவிட்டு "ஜிபேயில் போடுங்கள்" என்று கேட்பவருக்கு எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். அது திருட்டுக் கார்டாக இருந்தால், யூபிஐயில் நீங்கள் போட்டது அவருக்குப் போகும், சில வாரத்தில் கார்டின் உண்மையான சொந்தக்காரர் சார்ஜ்பேக் போடுவார். எந்த வழியில் வந்ததோ அதே வழியில் மட்டும் திருப்புங்கள்.