ஒன்றரை லட்சம் கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம் அண்ணா, பாப்பா படிக்கட்டும்

அண்ணா, வணக்கம். போனில் நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிற பாப்பா வானிலை மாடல் ஓட்ட ஒன்றரை லட்சத்தில் கம்ப்யூட்டர் கேட்கிறாள், வாங்கித் தரலாமா? ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே, இதை நம்பினால் நாளைக்கு ஒரு வேலை கிடைக்குமா? கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம். வேலை கிடைக்கும், ஆனால் வழி கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் வந்தபோது என் மேசையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். டபிள்யூ.ஆர்.எஃப். என்று இலவசமாகக் கிடைக்கிற மாடல், உலகம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்துவது. நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் என்று கணக்குப் போடும். வெளியே 27 கி.மீ. கட்டம், அதற்குள் 9, அதற்குள் பொள்ளாச்சியைச் சுற்றி 3 கி.மீ. என்று மூன்றடுக்காக வைத்திருந்தாள். இரண்டாம் வருஷத்திலேயே யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்வது பெரிய விஷயம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "இதை 1 கி.மீ. ஆக்கிட்டா நம்ம தோப்புல எத்தனை மணிக்கு மழைன்னு சொல்லிடலாம் சார்" என்றாள். அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

கட்டம் சிறிதானால் பலன் உண்டு. வால்பாறை உங்களுக்குத் தெரியாததா? ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு உலகம். மேலே கொட்டித் தீர்க்கிற நாளில் கீழே உங்கள் தோப்பில் தூறலோடு போய்விடும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 40 கி.மீ. கூட இல்லை. 27 கி.மீ. கட்டம் போட்டால் ஒரு கட்டத்துக்குள் மலை, அடிவாரம், சமவெளி எல்லாம் கலந்து ஒரே சராசரி உயரமாகிவிடும். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம்தான், அதுவும் பாதி அடைபட்டுப் போகும். கணவாயே இல்லாத மாடலில் ஆடிக்காற்று எங்கிருந்து வரும்? அதனால் 27-லிருந்து 9-க்கு வருவது, 9-லிருந்து 3-க்கு வருவது எல்லாம் நம் பக்கத்துக்கு உண்மையான முன்னேற்றம்தான். நாட்டின் மாடலே 2025 மே மாதம் அப்படித்தான் மாறியது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமான ஐ.ஐ.டி.எம். விஞ்ஞானிகள் உருவாக்கிய பாரத் முன்கணிப்பு அமைப்பு 12 கி.மீ. கட்டத்திலிருந்து 6 கி.மீ.க்கு இறங்கியது. அதற்கு அங்கே 11.77 பெட்டாஃபிளாப் திறனுள்ள, அதாவது விநாடிக்குக் கோடானுகோடி கணக்குப் போடுகிற அர்கா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது.

இப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 3 கி.மீ. கட்டத்தை 1 கி.மீ. ஆக்கினால் வேலை மூன்று மடங்கு ஆகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கிழக்கு மேற்காக மூன்று மடங்கு கட்டம், வடக்கு தெற்காக மூன்று மடங்கு, அப்புறம் கட்டம் சிறிதானால் நேரத்தையும் சிறுசிறு அடியாகத்தான் எடுத்துவைக்க வேண்டும். 3 கி.மீ.க்கு வழக்கமாக 18 விநாடிக்கு ஒரு அடி, 1 கி.மீ.க்கு 6 விநாடி. ஆக அதே பரப்புக்கு 27 மடங்கு. இப்போது ஒரு ராத்திரி, 8 மணி நேரம், ஓடுகிற கணக்கு அதே லேப்டாப்பில் 9 நாள் ஓடும். நாளைய மழையை 9 நாள் கழித்துச் சொல்லி என்ன செய்ய? புது மெஷின் வாங்கி வேகம் நாலைந்து மடங்கு கூடினாலும் நாளைய மழை நாளைக்குள் வராது.

சரி, எப்படியோ ஓடி முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று சிக்கல் இருக்கிறது, பாப்பா இதைக் கவனமாகப் படிக்கட்டும். ஒன்று, அவள் தொடக்கத் தகவலை எடுப்பது அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற உலக வானிலை மாடலிலிருந்து, அது சுமார் 28 கி.மீ. இடைவெளியில் வருகிற தகவல். உள்ளே போடுவது அவ்வளவுதான் என்றால் கட்டத்தை எவ்வளவு பொடியாக்கினாலும் இன்று காலை ஆனைமலை மேல் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பது மாடலுக்குப் புதிதாகத் தெரிந்துவிடாது. இரண்டு, கட்டத்தின் அளவு 3 கி.மீ. என்பதால் 3 கி.மீ. மேகத்தை மாடல் பார்த்துவிடும் என்று அர்த்தமில்லை. ஒரு மேகத்தை உருப்படியாகக் காட்ட அது ஏழு கட்ட அகலமாவது இருக்க வேண்டும், அதாவது 21 கி.மீ. 12 கி.மீ. மாடலுக்கு அது 84 கி.மீ., அதில் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே மூன்று கட்டம்தான்.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நுண்ணிய மாடல் இடிமழையை அச்சு அசலாகக் காட்டும், ஆனால் 15 கி.மீ. தள்ளிக் காட்டும். மழை ஆனைமலையில் பெய்திருக்கும், மாடல் பொள்ளாச்சி என்று சொல்லியிருக்கும். மாடல் சொன்னதைப் பெய்த மழையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும்போது இரண்டு முறை அடி விழும்: பெய்த இடத்தைத் தவறவிட்டது, பெய்யாத இடத்தில் சொன்னது. எல்லா இடத்திலும் கொஞ்சம் மழை என்று பூசி மெழுகுகிற பெரிய கட்ட மாடல் அதைவிட நல்ல மார்க் வாங்கிவிடும்! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிளிஃப் மாஸ் குழு 2002-லேயே இதைக் காட்டியது. 36 கி.மீ.யிலிருந்து 12-க்கு வந்தபோது தெளிவாகத் தேறியது, 12-லிருந்து 4-க்கு வந்தபோது படம் அழகானது, மார்க் அந்த அளவுக்கு ஏறவில்லை.

இதில்தான் அவளுக்கான வேலை இருக்கிறது அண்ணா. கட்டத்தைச் சிறிதாக்க மெஷின் போதும். எந்த அளவில் நிறுத்துவது, கட்டத்துக்குள் அடங்கிப்போகிற மேகத்தை எப்படிச் சேர்ப்பது, தப்பு மலையால் வந்ததா தொடக்கத் தகவலால் வந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். ஏ.ஐ. வந்துவிட்டதே என்றும் கேட்டீர்கள். கூகுள் டீப்மைண்ட் 2023-ல் கொண்டுவந்த கிராஃப்காஸ்ட் வேகமானது, நல்ல மாடல், ஆனால் அதன் கட்டமும் சுமார் 28 கி.மீ.தான். ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் தேட முடியாது.

படிப்பு விஷயம். கொச்சின் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகத்திலும் உண்டு. மேலே ஆராய்ச்சிக்குப் போனால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., டெல்லி ஐ.ஐ.டி., புனே ஐ.ஐ.டி.எம். பொறியியல், அறிவியல் மேல்படிப்புக்கான கேட் தேர்வில் வளிமண்டலம், கடல் அறிவியலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்திய வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. 2017-லும் பிறகு 2022-லும் ஆள் எடுத்தது, 2022-ல் 990 இடம். நடுவே ஐந்து வருஷ இடைவெளியைப் பாருங்கள், அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

தனியாரிலும் வாய்ப்பு உண்டு. உடுமலைப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எவ்வளவு மின்சாரம் வரும் என்று 15 நிமிஷத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 96 எண் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அளவுக்கு மீறித் தப்பினால் பணம் கட்ட வேண்டும். கணவாய்க் காற்றைச் சரியாகக் கணிக்கிறவருக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

எனக்கு இருக்கிற ஒரே கவலை, போன செமஸ்டரில் கணக்குத் தாளில் அவள் எடுத்த 58. இந்தத் துறையின் அடித்தளமே வகைக்கெழுச் சமன்பாடுகள்தான். ராத்திரி மாடல் ஓடட்டும், தப்பில்லை, ஆனால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கணக்குக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றரை லட்சத்தை எம்.எஸ்சி. ஹாஸ்டலுக்கு எடுத்து வையுங்கள்.

இப்போதைக்கு ஒரு மழைமானி வாங்கித் தோப்பில் மரத்தடி இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்து, பக்கத்திலேயே 27, 9, 3 மூன்று கட்டமும் சொன்ன எண்களை எழுதட்டும், வால்பாறையில் பெய்த அளவையும் சேர்த்து. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை விடாமல். அந்த நோட்டோடு அக்டோபரில் இரண்டு பேரும் வாருங்கள், கொச்சின் நுழைவுத் தேர்வுக்கு எப்போதிருந்து தயாராவது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.