சிரஞ்சீவிகளோடு பறப்பது மனதை ஆற்றுமா?

கேள்வி: வேலை போய் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். சீன நாடுகடத்தல் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். எங்கு பார்த்தாலும் சாவை வென்ற சிரஞ்சீவிகள், அவர்களைச் சுமக்கும் கொக்கு, மேகத்தில் பறத்தல். இது ஆறுதலா, வெறும் தப்பித்தலா? எதில் தொடங்கலாம்?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். சீனக் கவிஞர் சு ஷி 1082இல் எழுதிய இரண்டு செம்பாறைப் பாடல்களில் தொடங்குங்கள். கவிதையில் அரசை இகழ்ந்தார் என்று 1079இல் கைதாகி, பிறகு யாங்சி கரையில் ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். பெயருக்கு ஒரு பதவி. வயிற்றுக்கு ஒரு மேட்டு நிலத்தை உழுதார். தாவோ என்ற பழைய சீனச் சமய மரபின் கோயிலில் அறை இரவல் வாங்கி 49 நாள் தனித்திருக்கப் போவதாக நண்பருக்குக் கடிதமும் எழுதினார்.

முதல் பாடலில் நிலா வெளிச்சத்தில் படகு. சிரஞ்சீவியாகி இறகு முளைத்தது போல சு ஷிக்கும் இருக்கிறது. ஆனால் சிரஞ்சீவிகளோடு போக ஏங்குவது குழலூதும் நண்பர். அது நடக்காது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். சு ஷியின் பதில் தாவோ ஞானி சுவாங்ஸியின் வழியில் போகிறது: ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் போய்விடவில்லை, நிலா தேய்ந்து வளர்கிறது, ஆனால் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்புறம் சாப்பிட்டுவிட்டு, தட்டுகள் கலைந்து கிடக்க, படகிலேயே தூங்கிவிடுகிறார்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எழுதிய இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். நண்பர் வலையில் பிடித்த மீன், மனைவி பத்திரப்படுத்திய மது, மறுபடி படகு. இம்முறை தனியாகப் பாறை மேல் ஏறிக் கூவுகிறார். மலை எதிரொலிக்க, பயந்து இறங்கிவிடுகிறார். நள்ளிரவில் ஒரு கொக்கு படகைக் கடந்து பறக்கிறது. கனவில் இறகாடை அணிந்த தாவோ துறவி, "பயணம் நன்றாக இருந்ததா?" என்கிறார். அந்தக் கொக்கு நீங்கள்தானே என்று கேட்டால் சிரிக்கிறார். விழித்துக் கதவைத் திறந்தால் யாருமில்லை.

தப்பிக்க எழுதுகிறவர் அந்தப் பயத்தை எழுதியிருக்க மாட்டார். பயத்துக்குப் பக்கத்திலேயே கொக்குக்கும் இடம் கொடுக்கிறாரே, ஆறுதல் அங்கேதான் இருக்கிறது என்பேன். (வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அது கவிதையின் வேலை அல்ல.)

அடுத்து, 1097இல் ஹைனான் தீவுக்குத் துரத்தப்பட்ட பின் பழைய கவிஞர் தாவ் யுவான்மிங்கின் எதுகைகளிலேயே அவர் எழுதிய கவிதைகள். சு ஷிக்கு முந்தைய கவிஞர் லி பாயைப் பிறகு பார்க்கலாம். கனவில் தியன்மு மலையேறும் அவரது புகழ்பெற்ற கவிதை, அவர் நாடுகடத்தப்படுவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது.