மலையேறும் முன் மளிகைச் சீட்டு

அன்புள்ள ஐயா,

சேலம் சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அம்மா, நான் என்று வீட்டில் நான்கு பேர். கம்ப்யூட்டர் வேலை. மதியம் இரண்டு மணி முதல் இரவு பதினொன்று வரை ஷிஃப்ட். மாடியில் சொந்த வீடு, கார், ஆர்.ஓ. மெஷின், ஜிம், மருத்துவக் காப்பீடு எல்லாம் இருக்கின்றன. காய்கறிகூட ஆப்பில் வந்துவிடுகிறது. இருந்தும் எப்போதும் ஓர் அலுப்பு. இரவு இரண்டு மணிக்குத்தான் தூங்குகிறேன். ஆறரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப எழ வேண்டும். அம்மா நாள் முழுக்க டி.வி. முன்னால் இருக்கிறார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி அரை ஏக்கர் விலைக்கு வருகிறது. அங்கே சின்னதாக வீடு கட்டி, காய்கறி போட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மனிதனுக்கு அடிப்படையில் என்னதான் வேண்டும்? அது ஊருக்குள் கிடைக்காதா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

உண்ண, உடுக்க, இருக்க என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் பதில். அது உங்களுக்குப் போதவில்லை, மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ 1943இல் எழுதிய தேவைகளின் படிநிலைக் கணக்கை முக்கோணப் படமாகப் பயிற்சி வகுப்பில் எங்காவது பார்த்திருப்பீர்கள் (அந்த முக்கோணத்தை அவர் வரையவில்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது). கீழ்ப்படி நிரம்பினால் மேல்படி என்கிற அந்தக் கணக்கும் உங்கள் கடிதத்துக்குப் பொருந்தாது. எனக்கு உதவுவது சிலி நாட்டுப் பொருளியலாளர் மாக்ஸ்-நீஃப் 1980களில் சொன்னது. பிழைப்பு, பாதுகாப்பு, அன்பு, அறிதல், பங்கெடுத்தல், ஓய்வு, ஆக்கம், அடையாளம், சுதந்திரம் என்று தேவைகள் ஒன்பது என்றார். பட்டியல் பெரிய விஷயமில்லை. தேவை வேறு, அதை நிறைவேற்றும் வழி வேறு என்று பிரித்தாரே, அதுதான் விஷயம். தேவைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான், வழிகள்தான் ஊருக்கு ஊர் மாறுகின்றன. சில வழிகள் ஒரு தேவையை மட்டும் தீர்க்கும். சில வழிகள் ஒரே நேரத்தில் நான்கைத் தீர்க்கும். அவர் தரும் உதாரணம் தாய்ப்பால்: உணவு, பாதுகாப்பு, அன்பு, அடையாளம் எல்லாம் ஒரே மடியில் கிடைத்துவிடுகிறது. புட்டிப்பாலில் வயிறு மட்டும் நிறையும்.

இந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். உடம்புக்கு ஜிம், காய்கறிக்கு ஆப், அம்மாவுக்கு டி.வி. ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனியாக ஒரு சாமான் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் தனியாகக் காசு கேட்கிறது, தனியாக நேரம் கேட்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்வதில்லை. அலுப்பு வராமல் என்ன செய்யும்?

நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மளிகைச் சீட்டை எடுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி கீரையோடு சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. உங்கள் வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பிள்ளை கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாலும் வாரத்துக்குப் பத்துக் கிலோ காய்கறி வேண்டும். பருப்பு, பயறு, சுண்டல் எல்லாம் சேர்த்து மாதம் ஒன்பது பத்துக் கிலோ. அரிசியோ மாதத்துக்கு முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது, அதிலும் கோதுமை, ராகி எல்லாம் அடக்கம். நம் ஊர் வீடுகளின் சீட்டில் பெரும்பாலும் அரிசிப் பக்கம் கனமாகவும், துவரம்பருப்பு இரண்டு மூன்று கிலோவோடும் நிற்கும். சாம்பாரில் மிதக்கும் பருப்பு 85 கிராம் ஆகாது. மாலையில் தட்டுவடை செட் சாப்பிடும் கைக்கு வாரத்தில் நான்கு நாள் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தால் பாதிக் கணக்கு நேராகிவிடும். தட்டுவடையை விடச் சொல்லவில்லை. சேலத்துக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை.

அந்தப் பத்துக் கிலோ காய்கறியை ஆப்பில் வாங்காதீர்கள். சூரமங்கலத்தில் உழவர் சந்தை இருக்கிறது. வாரம் இரண்டு நாள், காலையில், ஐந்து ஐந்து கிலோவாக, அம்மாவோடு நடந்து போய் வாங்குங்கள். அவருக்கு முழங்கால் தொந்தரவு இருந்தால் போகும்போது நடை, வரும்போது ஆட்டோ. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார்ப்பது, கீரைத் தண்டில் நகம் வைத்து நார் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் உங்கள் கைக்கு வராது, அவர் கைக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே அவருக்குத்தான் வேலை தெரியும். இளங்காலை வெயில், நடை, நான்கு பேரிடம் பேச்சு, பேரம், நல்ல கீரை எல்லாம் ஒரே போக்கில் முடிகின்றன. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் பாதி இதிலேயே வந்துவிடும். மீதியை மகளைப் பள்ளி வேனுக்கு நடத்திக் கூட்டிப்போவதில் சேர்க்கலாம். இது தவறுவது எங்கே தெரியுமா? ஒரே நாளில் பத்துக் கிலோவையும் வாங்கிவிடலாம் என்று காரை எடுக்கும் இடத்தில். கார் வந்ததும் நடை போயிற்று, அம்மா வண்டிக்குள் உட்கார்ந்துவிடுவார், நான்காம் நாள் கீரை அழுகும், ஐந்தாம் நாள் மறுபடி ஆப்.

இனி தூக்கம். உங்கள் அலுப்பில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். ஷிஃப்டை மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து, சூடாக்கிச் சாப்பிட்டு, நிறைந்த வயிற்றோடு போனைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் ஒன்றரை மணி நேரம் கரைகிறது. இரவுச் சாப்பாட்டை கேரியரில் கொண்டுபோய் எட்டரைக்கு ஆபீசிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளியல், பன்னிரண்டரைக்குப் படுக்கை. கடைசி காபி மாலை ஐந்து மணிக்குள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். ஒன்பது மணி டம்ளர் இரண்டு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பிள்ளையை நீங்களும் மனைவியும் முறை வைத்துக் கிளப்புங்கள், உங்கள் முறை இல்லாத நாளில் ஏழரை வரை தூக்கம். சந்தை நாளும் வேன் நடையும் உங்கள் முறை நாளிலேயே அமையட்டும். அன்றைய குறைவுக்கு மதியம் கிளம்புமுன் அரை மணி நேரம் படுக்கலாம்.

மாடி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை தூக்கத்தைக் கெடுப்பது தளமும்தான். காங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவைத்து, பொழுது சாய்ந்தபின் நள்ளிரவு வரை உள்ளே இறக்கும். மின்விசிறி காற்றைக் குளிர்விக்காது, தோலின் ஈரத்தைத்தான் உலர்த்தும். சூடான காற்றைச் சுழற்றினால் சூடுதான் சுழலும். பிப்ரவரியில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். பாசியைச் சுரண்டி, கழுவி, விரிசலை அடைத்து, நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டிப் பசை கலந்து இரண்டு பூச்சு. வெயிலைத் திருப்பும் பெயின்ட்டும் கிடைக்கிறது, விலை அதிகம், நாள் தாங்கும். சுண்ணாம்பு அடிப்பவர்கள் செய்யும் தவறு, உச்சி வெயிலில் சுடுகிற தளத்தின் மேல் அடிப்பது. தண்ணீர் சட்டென்று இழுத்துக்கொண்டு பூச்சு பொடியாக உதிரும். தளத்தை நனைத்து, வெயில் சாய்ந்தபின் அடிக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் எப்படியும் கரையும், வருஷா வருஷம் அடிப்பதுதான் முறை. பகலில் காற்று சூடேறத் தொடங்கியதும் சன்னலை மூடி, இருட்டியபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று. சேலம் மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. ஆர்.ஓ. மெஷின்காரர் பேனா மாதிரி ஒரு கருவியை முக்கிக் காட்டும் டி.டி.எஸ். எண், கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு; அதில் ஃபுளோரைடு தனியாகத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5க்கு மேல் போகக் கூடாது. போர் தண்ணீரைக் குடிப்பதாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குழாயில் மேட்டூர்த் தண்ணீர் ஒழுங்காக வந்தால் மெஷினே தேவைப்படாமல் போகலாம்.

இப்போது மலை. சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், அதனால் எட்டு டிகிரிபோலக் குளிர்ச்சி. உங்கள் தூக்கத்துக்கு அது நிச்சயம் நல்லது. ஆனால் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். கிராமத்தில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசின் குடிநீர்த் திட்ட அளவு. நான்கு பேருக்கு 220 லிட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழையை நம்ப முடியாத நூறு நாளுக்கு 22,000 லிட்டர். அங்கே ஆண்டு மழை சுமார் 1,500 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடிக் கூரை என்றால் 46 சதுர மீட்டர், சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக 55,000 லிட்டர் கிடைக்கும். கூரை போதும், தொட்டிதான் போதாது. பலர் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டை வைத்துவிட்டு, மார்ச்சில் லாரித் தண்ணீருக்குப் போன் செய்கிறார்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் தொட்டி கட்டினால் கணக்குச் சரியாகும். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 22 டன் எடை. சரிவில் வெட்டிய மண்ணில் கட்ட வேண்டும், வெட்டியதைக் கொட்டி நிரவிய மண்ணில் கட்டக் கூடாது. கொட்டிய மண் முதல் பெருமழையில் இறங்கும், தொட்டியின் ஒரு மூலை அதோடு இறங்கி விரிசல் விடும்.

ஒவ்வொரு மழையிலும் கூரையிலிருந்து முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைத் தனியே பிடிக்க ஐம்பது லிட்டர் டிரம் ஒன்று வேண்டும். நாலு அங்குலக் குழாயையே நீட்டி வைத்தால் போதும் என்பார்கள். அது மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும், ஆறு மீட்டர் நீட்ட வேண்டியிருக்கும். டிரம்மின் அடியில் விடும் சின்ன ஓட்டையில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் டிரம் காலியாகாமல் நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் இறங்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு குச்சி விட்டுக் குத்துவது வீட்டில் ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும்.

காய்கறி போடலாம், ஆனால் குரங்குக்கும் பங்கு உண்டு, காட்டெருமைக்கு வேலி ஒரு பொருட்டில்லை. மழைக்காலப் பனிமூட்டத்தில் துணி காயாது, அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். கம்பி மேல் மரக்கிளை விழுந்தால் கரன்ட் போகும், அதோடு உங்கள் வேலையும் நிற்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அம்மாவுக்கு அன்று நெஞ்சுவலி என்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நிலப் பத்திரம் பற்றிச் சுருக்கமாக: 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, விற்கக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டாவா என்பது, புல வரைபடம், பாதை பத்திரத்தில் இருக்கிறதா என்பது. ஹாக்கா என்று சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை, வாங்கிய பின் அல்ல, வாங்கும் முன் கேளுங்கள்.

எனக்குத் தோன்றுவது, இப்போது வாங்காதீர்கள். மே மாதம் கோடை விழாவுக்கு ஏறிப் பார்த்துவிட்டு நிலம் வாங்கியவர்கள் போதும். வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இரண்டு முறை தங்குங்கள்: அக்டோபர் நவம்பரில் மூன்று வாரம், மார்ச்சில் மூன்று வாரம். முதலாவதில் ஈரம் தெரியும், இரண்டாவதில் தண்ணீர் தெரியும். மகளுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். காலை பத்து மணிக்கு அம்மா யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். முதல் வாரம் உங்களிடம் பேசுவார். மூன்றாவது வாரமும் உங்களிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அந்த அரை ஏக்கர் உங்களுக்கானது அல்ல.